டிக்கெட் வாங்கி உணவுத் திருவிழாவுக்குப் போகலாமா? நால்வர் குடும்பத்துக்கு ஒரு கணக்கு

சென்னையில் டிசம்பர் முதல் மார்ச் வரை எந்த வாரக்கடைசியை எடுத்தாலும் எங்காவது ஓர் உணவுத் திருவிழா நடக்கிறது. மைதானத்தில் நடப்பதற்கு நுழைவுச்சீட்டு 200, 300, 500 என்று போகிறது. "அன்லிமிடெட்" என்று விற்பவை 1,000 ரூபாயைத் தொடுகின்றன. நட்சத்திர ஹோட்டல்களின் செட்டிநாட்டு விருந்து, கொங்கு விருந்து எல்லாம் அதற்கு மேல். அதே ஊரில், அதே பருவத்தில், நுழைவுக்கு ஒரு பைசா வாங்காத உணவுத் திருவிழாக்களும் சபா கேன்டீன்களும் இருக்கின்றன. எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்பதைக் கணக்குப் போட்டே முடிவு செய்துவிடலாம்.

சீட்டின் விலையைப் பார்ப்பதற்கு முன் அந்தச் சீட்டு எதை விற்கிறது என்று பார்க்க வேண்டும். சில சீட்டுகள் வாசலை மட்டும் விற்கின்றன. உள்ளே போனதும் ஒவ்வொரு தட்டுக்கும் தனிக்காசு. சில சீட்டுகள் சாப்பாட்டையே விற்கின்றன. இன்னும் சில, பார்க்க உணவுத் திருவிழாவாக இருந்தாலும், மேடையில் பாடப்போகும் பாடகரை விற்கின்றன. மூன்றுக்கும் கணக்கு வேறு.

வயிறுதான் முதல் அளவு

வளர்ந்த ஒருவர் ஒரு மாலையில் நிறைவாகச் சாப்பிடுவது, பானங்களையும் சேர்த்து, ஏறக்குறைய 800 கிராம். எட்டு, பத்து வயதுக் குழந்தை அதில் பாதி. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் மொத்தம் 2,400 கிராம். அரை பிளேட் பிரியாணி 200 முதல் 250 கிராம். இரண்டு பரோட்டாவும் சால்னாவும் அதே அளவு. ஒரு டம்ளர் ஜிகர்தண்டா 200 மில்லிக்கு மேல். ஆக, அரங்கில் 60 கடை இருந்தாலும் நால்வர் குடும்பம் முழு அளவில் வாங்கினால் 10 அல்லது 11 தட்டோடு முடிந்தது. "நூறு கடை, ஐந்நூறு வகை" என்ற விளம்பரத்தால் உங்கள் கணக்கு மாறாது.

இனி விலை. கீழே வரும் எண்கள் எடுத்துக்காட்டு மட்டுமே. உங்கள் கையில் இருக்கும் சீட்டின் எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நுழைவு மட்டும் விற்கும் சீட்டு தலைக்கு 300 என்று வைத்துக்கொள்வோம். பல இடங்களில் ஐந்து வயதுக்கு மேல் முழுச்சீட்டு. நால்வருக்கு 1,200. இணையத்தில் பதிவு செய்தால் சீட்டுக்கு 25 ரூபாய் வீதம் கட்டணம் ஏறும், ஆக 1,300. உள்ளே 10 தட்டு சாப்பிட்டால் ஒவ்வொரு தட்டின் தலையிலும் 130 ரூபாய் நுழைவு ஏறுகிறது. பலகையில் 200 என்று எழுதியிருக்கும் பிரியாணியின் உண்மை விலை 330. 100 கிராமுக்கு ஏறக்குறைய 147 ரூபாய். அதே பிரியாணி அதே கடையின் சொந்தக் கிளையில் நுழைவுக் கட்டணம் இல்லாமல் கிடைக்கும், உட்கார நாற்காலியோடு.

அன்லிமிடெட் சீட்டு பெரியவருக்கு 1,000, குழந்தைக்கு 500 என்றால் குடும்பத்துக்கு 3,000. இங்கே தட்டு சின்னது, 100 முதல் 120 கிராம். 2,400 கிராமை நிரப்ப 22 தட்டு வேண்டும். அத்தனையும் கிடைத்தால் ஒரு தட்டு 136 ரூபாய், 100 கிராமுக்கு 124. எடையில் பெரிய லாபம் இல்லை. ஆனால் அதே காசுக்கு இரண்டு மடங்கு வகை நாக்கில் படுகிறது. உணவுத் திருவிழாவுக்குப் போவதே அதற்காகத்தான் என்பவருக்கு இது நியாயமான விலை. ஒரே நிபந்தனை, 22 தட்டும் கைக்கு வர வேண்டும். கூட்ட நேரத்தில் பெரியவர்களுக்கு ஐந்து, குழந்தைகளுக்கு மூன்று தட்டுதான் கிடைத்தது என்றால் மொத்தம் 16. தட்டு விலை 188 ஆகிவிடும், 100 கிராமுக்கு 170. அதாவது அன்லிமிடெட் சீட்டின் மதிப்பு முழுக்க முழுக்க வரிசையைப் பொறுத்தது.

ஹோட்டல் விருந்து 1,800 என்று போட்டிருந்தால் அதோடு வரி. அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டல்களின் உணவகத்தில் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், சாதாரண உணவகத்தில் 5 சதவீதம். பெரியவருக்கு 2,124, குழந்தைக்குப் பாதி என்றால் 1,062, குடும்பத்துக்கு 6,372. பில்லில் சேவைக் கட்டணம் என்று ஒரு வரி இருந்தால் அது கட்டாயமில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்கிறது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும்.

நுழைவு இலவசமான திருவிழாவில் தட்டு 120 என்று 11 தட்டு வாங்கினால் 1,320. 100 கிராமுக்கு 53 ரூபாய்.

வரிசை ஏன் நகர்வதில்லை

பணம் வீணாவது பெரும்பாலும் ருசியில் இல்லை, நிற்பதில். இதைக் கடையின் அடுப்பைப் பார்த்தே கணித்துவிடலாம்.

அகலமான தோசைக்கல்லில் ஒரு முறைக்கு ஆறு தோசை. வார்த்து, திருப்பி, எடுத்து, கல்லைத் துடைத்து மறுபடி வார்க்க நான்கு நிமிடம். மணிக்கு 90 என்று கணக்கு வரும்; மாவு மாற்றுவது, எண்ணெய் விடுவது எல்லாம் போக 70 வரும். உங்களுக்கு முன் 30 பேர், ஆளுக்கு இரண்டு தோசை என்றால் 60 தோசை, 50 நிமிடம். பிரியாணிக் கடையிலும் 30 பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். அங்கே அண்டாவிலிருந்து அள்ளிப் போட ஒரு தட்டுக்கு 20 விநாடி. பணம் வாங்கும் நேரத்தையும் சேர்த்துக் கால் மணி நேரத்தில் உங்கள் முறை வந்துவிடும். ஒரே நீளத்துக்கு நிற்கும் இரண்டு வரிசைகளில் ஒன்று மற்றொன்றைவிட மூன்று மடங்கு மெதுவாக நகரும். கல், தவா, தந்தூர், இடியாப்ப உழக்கு என்று ஆளுக்கு ஆள் செய்து தருவது எதுவாக இருந்தாலும் அதைத் திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் சாப்பிட்டுவிட வேண்டும். அண்டா, தேக்சா, பானையில் இருப்பதைக் கூட்டம் சேர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

கூட்டம் உச்சத்தில் இருப்பது ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை. மாலை நான்கு மணிக்கு வாசல் திறக்கிறது என்றால் நாலரைக்கு உள்ளே இருப்பவர் வாங்கிய அதே சீட்டு, ஏழரைக்கு வருபவருக்குப் பாதி விலைதான் பெறும். பிரபல பாடகர் மேடை ஏறும் நேரம் இதற்கு விதிவிலக்கு: எல்லோரும் மேடைப் பக்கம் போய்விடுவார்கள், கடைகள் காலியாகும். சாப்பிடத்தான் வந்தோம் என்றால் அந்த ஒரு மணி நேரம் பொன்னானது. பாட்டுக்காகத்தான் வந்தோம் என்றால் சீட்டைக் கச்சேரிச் சீட்டாக எண்ணி, அந்த விலைக்கு அந்தக் கச்சேரி தகுமா என்று மட்டும் கேளுங்கள். சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போகலாம். வி.ஐ.பி. சீட்டு பெரும்பாலும் மேடைக்கு முன் நாற்காலி மட்டுமே தருகிறது. உணவுக்குத் தனி வரிசை உண்டா என்று வாங்கும் முன் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மெதுவாவதற்கு இன்னொரு காரணம் கைபேசி. ஒரு மைதானத்தில் பல ஆயிரம் பேர் சேர்ந்தால் சிக்னல் திணறும், யு.பி.ஐ. சுற்றிக்கொண்டே நிற்கும். 500 ரூபாய்க்கு நூறும் ஐம்பதுமாக மாற்றி வைத்திருந்தால் அந்தத் தொல்லை இல்லை. சில இடங்களில் பணமே செல்லாது. அட்டையில் பணம் ஏற்றி அதைத்தான் தேய்க்க வேண்டும். மீதித் தொகை திரும்ப வருமா, எந்தக் கவுன்டரில், எத்தனை மணி வரை என்று ஏற்றுவதற்கு முன்பே கேளுங்கள். திரும்ப வராது என்றால் ஒரே தடவையில் 1,000 ஏற்றாமல் 300, 300 ஆக ஏற்றுங்கள். மீதி 40 ரூபாயைத் தீர்ப்பதற்காகத் தேவையில்லாத பஜ்ஜி வாங்க வைப்பதுதான் அந்த அட்டையின் வேலை.

அன்லிமிடெட் எப்படி நஷ்டமாகிறது

அன்லிமிடெட் நடத்துபவர் பல இடங்களில் கடைக்காரருக்குத் தட்டு எண்ணிக்கைப்படியோ மொத்தத் தொகையாகவோ பணம் தருகிறார். மொத்தத் தொகை என்றால், ஒவ்வொரு கூடுதல் தட்டும் கடைக்காரரின் கையைக் கடிக்கும். அதனால் கறி குறைந்து சாதம் கூடும். நண்டு, இறால் கடையில் ஒரே அடுப்பு எரியும். நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன், பிரெஞ்சு பிரைஸ் வாசல் பக்கமே தாராளமாகக் கிடைக்கும். பசியோடு நுழைபவர் முதல் கால் மணி நேரத்தில் அவற்றை நிரப்பிக்கொள்கிறார். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போக 20 நிமிடம் ஆகும் என்பதால், தவறு தெரியும்போது இடம் இருக்காது.

அதனால் முதலில் சாப்பிடாமல் ஒரு சுற்று நடங்கள். வீட்டிலும் தெருமுனையிலும் கிடைப்பதை ஒதுக்குங்கள். மீன், கறி, வெளியூர்ப் பண்டம் முதலில், சாதம் கடைசியில், இனிப்புப் பானம் அதற்கும் பின்னால். பானத்தை முதலில் குடித்தால் வயிற்றில் நான்கில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும்.

இன்னொரு வகைச் சீட்டு உண்டு: 300 ரூபாய், அதில் 200 ரூபாய்க்கு உள்ளே சாப்பிட்டுக்கொள்ளலாம். உண்மை நுழைவு 100தான். மைதானத் திருவிழாக்களில் வாடிக்கையாளருக்கு நியாயமானது இதுவே. ஆனால் அந்த 200 எல்லாக் கடையிலும் செல்லுமா, ஒரே தடவையில் தீர்க்க வேண்டுமா என்பது முக்கியம். நான்கு சீட்டின் கூப்பனையும் சேர்த்து ஒரே கடையில் கொடுக்க முடிந்தால் நல்லது.

தட்டில் எது கெடும்

வெளியிடத்தில் சமைப்பது ஹோட்டல் சமையலறையைவிடக் கடினம். தண்ணீர் குறைவு, குளிர்பெட்டி குறைவு, காற்றில் அடுப்பு தணியும். இதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுத்தால் போதும்.

சூடாகப் பரிமாறும் உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. தட்டிலிருந்து ஆவி வராத பிரியாணியை இரவு ஒன்பதரைக்கு வாங்காதீர்கள். "இது எத்தனையாவது அண்டா?" என்று கேட்டால் நல்ல மாஸ்டர் நேராகப் பதில் சொல்வார். அண்டாவின் அடிக்கால் பாகத்தில் எண்ணெயும் உடைந்த அரிசியும்தான் இருக்கும். புது அண்டா உடைக்கும்வரை பத்து நிமிடம் காத்திருப்பது லாபம்.

ஷவர்மா கம்பியில் வெளிப்பக்கம் மட்டுமே வெந்திருக்கும். கூட்டம் நெருக்கினால் வேகாத உள்பக்கம்வரை சீவிவிடுவார்கள். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்ததும் இந்த மாதிரி ஆபத்தால்தான். ஐஸ்கிரீமில் மணல் போல் பனிக்கட்டி நெருநெருத்தால் அது ஒரு முறை உருகி மறுபடி உறைந்தது. பொரிக்கும் எண்ணெய் கறுத்து, கொழகொழப்பாகி, பொருள் போடும் முன்பே புகைந்தால் அந்தக் கடை வேண்டாம்.

குழந்தைகள் கேட்கும் இரண்டு பொருள்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாயிலும் மூக்கிலும் புகை வரும் பிஸ்கட்டில் இருப்பது திரவ நைட்ரஜன், கழித்தல் 196 டிகிரி குளிர். முழுவதும் ஆவியாகாமல் உள்ளே போனால் வாயும் குடலும் வெந்துபோகும். கர்நாடகத்தில் ஒரு சிறுவன் அதைச் சாப்பிட்டுத் துடித்த காட்சி பரவிய பிறகு, 2024 ஏப்ரலில் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை கண்டிப்பான எச்சரிக்கை விட்டது. யார் விற்றாலும் வாங்கித் தராதீர்கள். அடுத்தது பஞ்சு மிட்டாய்: ரோடமைன்-பி என்ற துணிச்சாயம் கண்டுபிடிக்கப்பட்டு 2024 பிப்ரவரியில் மாநிலத்தில் அதன் விற்பனைக்குத் தடை வந்தது. கண்ணைப் பறிக்கும் ரோஜா நிறத்தில் எந்த இனிப்பு இருந்தாலும் தயங்குவது நல்லது.

கடையில் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவெண் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று நாள் கடைக்கும் அது வேண்டும்.

காசில்லா வாசல்

2022 ஆகஸ்டில் தீவுத்திடலில் நடந்த சிங்காரச் சென்னை உணவுத் திருவிழாவும், 2024 டிசம்பரில் மெரினாவில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் நடத்திய உணவுத் திருவிழாவும் இந்த வகை. மெரினாவில் நடந்ததைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். கரூர்த் தோல் ரொட்டி, பள்ளிபாளையம் சிக்கன், சிவகங்கை உப்புக்கறி, தருமபுரி ரவா கஜூர் போன்றவற்றை அந்தந்த ஊர்ப் பெண்களே வந்து சமைத்தார்கள். இவை சென்னையின் எந்தக் கிளை உணவகத்திலும் அந்தக் கைப்பக்குவத்தில் கிடைக்காதவை. உணவுத் திருவிழா என்ற சொல்லுக்கு அர்த்தம் இருப்பது இங்கேதான். இதற்கு 100 ரூபாய் நுழைவு வைத்திருந்தாலும் தாராளமாகக் கொடுக்கலாம். அதே நேரம், சென்னையில் நான்கு கிளை வைத்திருக்கும் பிரியாணிக் கடையும் பர்கர் கடையும் வரிசையாக நிற்கும் மைதானத்துக்கு 300 கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. சீட்டு வாங்கும் முன் கடைப் பட்டியலைக் கேளுங்கள். பத்துக் கடையில் ஆறு கடை உங்கள் ஊரிலேயே இருக்கிறது என்றால் விட்டுவிடலாம்.

இலவச வாசலுக்கும் ஒரு விலை உண்டு, அது கூட்டம். சனி, ஞாயிறு மாலை கால் வைக்க இடமிருக்காது, உட்கார இடம் அதைவிடக் குறைவு. வேலைநாளில், மாலை ஐந்துக்குள் போனால் கடைக்காரரோடு பேசவும் நேரம் கிடைக்கும். மெரினாவுக்குப் பறக்கும் ரயிலில் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் மூன்றில் எது பக்கமோ அங்கே இறங்கலாம்; வண்டி நிறுத்த இடம் தேடி ஒரு மணி நேரம் அலைவது மிச்சம்.

தீவுத்திடல் சுற்றுலாப் பொருட்காட்சியும் சீட்டு வாங்கும் இடம்தான். ஆனால் அங்கே சீட்டு பொருட்காட்சிக்கு. டெல்லி அப்பளமும் மிளகாய் பஜ்ஜியும் கூடுதல் மகிழ்ச்சி. குழந்தைகளோடு மூன்று மணி நேரம் போகும் என்பதால் அந்தச் சீட்டைக் குறை சொல்ல முடியாது.

சைவக் குடும்பம் என்றால் பதில் இன்னும் எளிது: மார்கழி சபா கேன்டீன். கச்சேரிச் சீட்டு இல்லாமலே பெரும்பாலான இடங்களில் சாப்பிடலாம். பந்தியில் இலை போட்டு, காய் மாறி மாறி வரும். மாலையில் அடை அவியல், வாழைப்பூ வடை, காசி அல்வா. கல்யாணச் சமையல் செய்யும் கைகள் அங்கே இருக்கின்றன. அசைவ விலைக்கே சீட்டு நிர்ணயிக்கப்படும் அன்லிமிடெட் திருவிழாவிலும் ஹோட்டல் விருந்திலும் சைவர்கள் கொடுக்கும் காசில் பெரும்பங்கு மற்றவர் தட்டுக்குப் போகிறது. வேலைநாள் மதியம் பதினொன்றரைக்குள் போய்விட்டால் முதல் பந்தியிலேயே இடம் கிடைக்கும்.

யாருக்கு எது

வயதான பெற்றோர், முழங்கால் வலி, சர்க்கரை என்றால் மைதானம் வேண்டாம். மூன்று மணி நேரம் நின்றுகொண்டே சாப்பிடுவது அவர்களுக்குத் தண்டனை. வருடத்தில் ஒரு நாள் ஹோட்டலின் வட்டார விருந்துக்கு அழைத்துப் போகலாம். வெளியூரிலிருந்து சமையல்காரர்களை வரவழைத்துச் செய்கிறார்களா, வழக்கமான பஃபேயில் நான்கு பலகாரம் மட்டும் சேர்க்கிறார்களா என்று போனில் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். இரவைவிட மதிய விலை பல இடங்களில் குறைவு.

ஆறு நண்பர்கள் சேர்ந்து போனால் நுழைவுச்சீட்டுத் திருவிழா சரிப்படும். ஒரு தட்டை ஆறாகப் பகிர்ந்தால் ஆளுக்கு 15 வகை ருசி பார்க்கலாம். அன்லிமிடெட்டில் பகிர்வதால் பயன் இல்லை. அது தனியாள் நன்றாகச் சாப்பிடுபவராக இருந்து, திறக்கும் நேரத்துக்கே வருபவராகவும் இருந்தால் மட்டும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு இலவச வாசல்தான், வேலைநாளில்.

பணம் கட்டும் முன் கடைசியாக மழை நிபந்தனையைப் படியுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. திறந்த மைதானத்தில் ஒரு மணி நேர மழைக்கு அடுப்புகள் அணைந்துவிடும். "கட்டணம் திரும்பத் தரப்படாது" என்று மட்டும் இருந்து, தேதி மாற்றம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்றால் முன்பதிவுத் தள்ளுபடிக்கு ஆசைப்படாமல் அன்றைக்கே வாசலில் வாங்குங்கள். நிகழ்ச்சி ரத்தாகியும் பணம் வரவில்லை, அல்லது கடையில் கையில் வாங்கிய சீலிட்ட தண்ணீர்ப் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினார்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சீட்டின் படம், விளம்பரத்தின் படம், பில் மூன்றையும் கைபேசியில் வைத்திருங்கள்; புகாருக்கு அவை மூன்றும் வேண்டியிருக்கும்.